கறுத்தப் பேடு எங்கே முட்டையிடுகிறது

ஒன்பது நாளாய்க் கூட்டில் முட்டை இல்லை.
கறுத்தப் பேடு விடிய இறங்குகிறது,
குறுணல் கொத்துகிறது,
வரி அறவிட வந்தவர் மாதிரி
வளவை ஒரு சுற்றுச் சுற்றுகிறது.
பிறகு ஆளைக் காணோம்.
பத்தரைக்கு எங்கிருந்தோ
மனையாவெளி முழுக்கக் கேட்கக் கொக்கரிக்கிறது.

இடப்பக்க வேலியில் தில்லைநாதன்,
ஐஸ் கம்பனி இரவு வேலை முடிந்த கண்ணோடு:
"கீரி குடிக்குது. வேறென்ன.
நீங்கள் பிந்தினால் பேட்டையும் கொண்டு போடும்."
பின்வேலியில் சந்திமா,
பாதி தமிழ், பாதி சிங்களம், மீதி கை:
"அதுதான் தின்னுது அக்கே.
கோதுக்குள்ள மிளகாய்த்தூள் வச்சுப் பாருங்க."
வைத்தேன்.
கோழிக்கு உறைப்பே தெரியாதாம்,
தீன் கடைப் பெடியன் பிறகுதான் சொன்னான்.
இரவு வந்த மான் ஒன்று
தவிட்டு வாளியை நக்கிக் கவிழ்த்துவிட்டு
நிதானமாக ரோட்டைக் கடந்து போனது.
இந்த ஊரில் மானைக் கல்லால் எறியவும் முடியாது.

வலப்பக்கம் வேலி இல்லை.
மதில்.
சித்திரையில் எழும்பியது.
ஒன்றரை அடி எங்களுடையது என்று நானும்
உறுதியைப் பாருங்க என்று றிபாயாவும்
கிராம சேவகர் கந்தோரில் நின்று கதைத்ததே
கடைசிக் கதை.
இப்போது ஆவணி.

பத்தாம் நாள் பேடு கூட்டுக்கும் வரவில்லை.
மறுநாள் அசர் பாங்கு முடிந்த கையோடு
மதிலுக்கு மேலால் ஒரு குரல்.
பெயர் சொல்லவில்லை, அக்கா என்றும் இல்லை.
"கறுத்தக் கோழி ஒங்கடதா?"

கவிழ்த்துப் போட்ட பைபர் போட்டுக்குக் கீழே
பழுதான எஞ்சின் மூடி.
அதற்குள் தும்பும் வலைத்துண்டும் பரப்பி
மகாராணி அடை கிடக்கிறாள்.
ஐந்து மாதத்தில் முதல் தரம்
அவர்களுடைய கேற்றால் உள்ளே போனேன்.
கைவிட்டேன். கொத்தினாள்.
"தூக்காதீங்க. எடம் மாத்தினா
அடை கலைஞ்சிடும்" என்றாள் றிபாயா.
எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

முட்டை பதின்மூன்று.
ஒன்பது என்னுடையது, கணக்குச் சரி.
நாலு அவளுடைய செவலைப் பேடு விட்டது.
சேவல் அவர்களது.
போட் அவர்களது.
அது கிடக்கிற நிலம்
மதிலிலிருந்து ஒன்றரை அடிக்குள்.
இருவரும் அதை அளந்து பார்த்தோம்
கண்ணால் மட்டும்.

ஏழாம் இரவு வரச் சொன்னாள்.
லைட்டை நூர்த்துவிட்டு
போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தாள்.
விரல்கள் சிவந்தன.
உள்ளே சிலந்தி மாதிரி ஒரு புள்ளி,
நூல் நூலாய் இரத்தம்,
அது அசைந்தது.
"இது இருக்கு."
அடுத்தது. "இதும் இருக்கு."
மூன்றாவதில் ஒன்றும் இல்லை,
வெறும் மஞ்சள் நிலவு.
"கூழ்" என்றேன் நான்.
"அது செவலைட" என்றாள் அவள் உடனே,
தன் நட்டத்தைத் தானே ஒப்புக்கொண்டு.
அப்படியே, அடுத்த முட்டையைத் துடைத்தபடி,
"கட்டார்ல மகனுக்கு விசா கிடைச்சுதா?"
இன்னும் இல்லை என்றேன்.
போன் பற்றரி செத்தது.
இருட்டில் கொஞ்சநேரம் முட்டைகளோடு இருந்தோம்.

புரட்டாதியில் பத்துப் பொரித்தன.
பருந்து ஒன்று, தில்லைநாதனின் பூனை ஒன்று.
(பூனை அப்படிச் செய்யாது என்கிறார்.
செட்டை அவருடைய வாசலில் கிடந்தது.)
மீதி எட்டு.

நேற்று றிபாயாவின் கணவர்
மதிலின் அடியில் ஒரு கல்லைக் கழற்றினார்.
"மழைத்தண்ணி ஓடுறதுக்கு" என்றார், என்னைப் பாராமல்.
மழைக்கு இன்னும் ஒரு மாதம்.
கறுத்தப் பேடு அந்த ஓட்டையை மதிக்கவில்லை,
மதில் மேலால்தான் பறக்கிறது.
குஞ்சுகள்தான் குனியாமல் போகின்றன, வருகின்றன,
காலையில் இங்கே குறுணல்,
பின்னேரம் அங்கே சோற்றுப்பருக்கை.

இருட்டினால் இரண்டு பக்கமும் எண்ணுகிறோம்.
"இங்க மூணு."
"இங்க அஞ்சு."
ஒன்று குறைந்தால்
யார் கணக்கில் எழுதுவது என்று
இன்னும் கதைக்கவில்லை.